மறதிக் கம்ப்யூட்டரும் நித்யாவின் முந்தானையும்

வீடு முழுக்கச் சந்தன வாசனை. ஆயுத பூஜை. தறிக்குப் பொட்டு வைத்தாயிற்று. அட்டை அடிக்கும் மெஷினுக்கு வைத்தாயிற்று. கத்தரிக்கோல், ஸ்கேல், ஊசிப் பெட்டிவரைக்கும் வைத்து முடித்து, கடைசியாக உன் கம்ப்யூட்டரிடம் வந்தேன். ஈரத் துணியால் பெட்டியைத் துடைத்துவிட்டு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டேன். உடனே நீ பக்கத்தில் நின்று அதட்டுகிற மாதிரி இருந்தது. "பொட்டு வெச்சிக்கோ, பூ வெச்சிக்கோ, பிளக்க மட்டும் புடுங்காத அண்ணி."

இந்த வருஷம் பிடுங்கவில்லை. சுவரிலேயே இருக்கிறது. உன் அண்ணன்தான், "சாமிக்கு வெச்ச சாமானுக்கு எதுக்கு கரண்ட்டு?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். அவருக்கு அப்படித்தான், எதிலாவது ஒரு குறை. பூஜைக்கு ஐயர் வர இன்னும் நேரம் இருக்கிறது. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் நித்யாவின் கல்யாணப் புடவை விஷயமாக உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று, ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் அதை வேறு யாரிடமும் கேட்க முடியாது.

நீ கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, நாம் இருவரும் சேர்ந்து முன் அறையில் டிசைன் சென்டர் ஆரம்பித்தோமே, அப்போது பிள்ளையார்பாளையமே சிரித்தது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் எத்தனை நாளைக்கு உட்காருவார்கள் பார்க்கலாம் என்றார்கள். நாம் சண்டை போடாத நாளும் கிடையாதுதான், அது வேறு விஷயம். நீ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மாங்காயும் மயிலும் போடுவாய். நான் அதைப் பார்த்துத் தறிக்கு வேண்டிய அட்டைகளில் துளை அடித்து, வரிசையாகக் கோத்து, நெசவாளிகளுக்குக் கொடுப்பேன். படம் உன் பாடு. அட்டையும், ஜவுளிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பதும் என் பாடு.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் கண் விழிக்க ஒரு யுகம் ஆகும். சுவிட்சைப் போட்டுவிட்டு நீ குளிக்கப் போவாய். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போதுதான் திரையில் நித்யாவின் படம் வந்து நிற்கும், ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக. அப்புறமும் அது முக்கி முனகி டிசைனைத் திறக்க இன்னொரு காபி குடிக்கலாம். வருஷக்கணக்காக அதோடு பொறுமையாக மாரடித்தவள், திடீரென்று ஒருநாள் சென்னைக்குப் போய் எஸ்எஸ்டி என்று ஒன்றை வாங்கி வந்தாய். உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான பெட்டி, எடையே இல்லை. இதிலா நம் டிசைன் எல்லாம் இருக்கப்போகிறது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பழைய டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்திக்கினே இருக்கும் அண்ணி. இதுக்குள்ள சுத்தறதுக்கு ஒண்ணும் கெடயாது. அதான் வேகம்" என்றாய்.

அதை மாட்டிக் கொடுக்க ஆளைக் கூப்பிடலாம் என்றேன். நீ கேட்பாயா? நம் ஊரில் வெளியாள் கை கம்ப்யூட்டரில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்கு ஒரு கணக்கு உண்டு. நாம் அட்டை அடித்து முடிப்பதற்குள் நம் மாங்காய் பக்கத்துத் தெருத் தறியில் ஏறியிருக்கும். அப்புறம் கடைக்காரர் வந்து, "என்னம்மா, எனக்கு மட்டும்னு சொன்ன டிசைன் ஊரெல்லாம் தொங்குது" என்பார். இரண்டு தடவை பட்டவர்கள் நாம். அதனால் நீயே ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். டார்ச் பிடிக்க நான்.

புது டிஸ்க்கில் விண்டோஸ் எல்லாம் ஏற்றி முடித்து மறுபடி சுவிட்சைப் போட்டால், பழைய டிஸ்க்கே பழையபடி முனகிக்கொண்டு வந்து நின்றது. "புது வீடு கட்டியாச்சு, கால் மட்டும் பழைய வீட்டுக்கே போவுது பாரு" என்றாய். போன் வீடியோவில் யாரோ ஒருவன் புரியாத பாஷையில் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் விழிக்கிற அந்த நொடியில் டிலீட் பட்டனைத் தடதடவென்று தட்டினாய். நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"ஐயோ, டிலீட்ட அமுக்கறியே! இத்தினி வருஷ டிசைனும் அழிஞ்சிடப் போவுது!"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். டிலீட்டை அப்போது தட்டினால் எதுவும் அழியாது, பயாஸ் என்கிற உள் அறைக் கதவு திறக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விண்டோஸ் வருவதற்கு முன்னால், எந்த டிஸ்க்கைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது என்று கம்ப்யூட்டர் முடிவு பண்ணுகிற இடம் அது. சாம்பல் நிறத் திரை, பொடிப் பொடி எழுத்து. பூட் என்ற பக்கத்தில் லெகசி என்று இருந்ததை யூஇஎஃப்ஐ என்று மாற்றினாய். புது டிஸ்க்கை மேலே கொண்டு வந்து, பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்த பழையதை வரிசையில் கீழே தள்ளினாய். "அந்த இன்னொண்ணு இன்னாத்துக்கு?" என்று நான் வேறு ஒரு பக்கத்தில் ஏஎச்சிஐ என்றிருந்ததைக் காட்டிக் கேட்டேன். விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்னாலேயே, நான் அடுப்படியில் இருந்தபோது, அதை நீ மாற்றியிருந்தாயாம்.

"அது டிஸ்க்கு பேசற பாஷை அண்ணி. டிஸ்க்கு தெலுங்குல பேசி, மெஷினு தமிழ்ல கேட்டுக்கினு இருந்தா ஆவுமா? ரெண்டையும் ஒரே பாஷைக்குக் கொண்டாரணும்."

எஃப் பத்தை அமுக்கி, சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் சொன்னாய். நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் திரை வந்து நின்றது. "இது குளிக்கக்கூட உட மாட்டேங்குதே" என்றேன் நான். அதற்கும் சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. "எனக்கு இனிமே காத்துக்கினு கெடக்க முடியாது அண்ணி" என்றாய்.

மார்பில் கட்டி என்று நீ எங்களிடம் சொன்னது அதற்குப் பல மாதம் கழித்து. அன்றைக்கே உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் சென்னைக்குப் போனாயா? போன இடம் கம்ப்யூட்டர் கடை மட்டும்தானா? எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. வேகம் வேண்டும் என்று நீ பறந்ததைப் பார்த்து, இவளுக்கு ஜாஸ்தி ஆர்டர் பிடிக்கிற ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த மக்கு நான்.

சிகிச்சைக்கு நடுவில் நித்யாவின் கல்யாணப் புடவைக்கு நீயே டிசைன் போடப்போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளையே அமையவில்லை, புடவைக்கு என்ன அவசரம் என்று உன் அண்ணன் கேட்டார். நீ கேட்காத மாதிரி இருந்தாய். உடம்புக்கும் கரைக்கும் டிசைன் முடித்து, அட்டையும் என்னை அடிக்க வைத்துவிட்டாய். முந்தானைக்கு மட்டும் நாள் பிடித்தது. கீழே மயில் வரிசை, நடுவில் கொடி, மேலே கோபுரத்துக் கிளிகள். சின்ன வயதில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரப் பொந்தில் கிளி பார்க்காமல் உள்ளே வரமாட்டேன் என்று அடம் பிடித்தவள் அல்லவா உன் மகள், அவளுக்காகக் கிளி. இன்னொரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் எரிந்து விழுந்தாய். "பென் டிரைவ்ல போட்டா கால் மொளச்சி போயிடும். என் பொண்ணு புடவை அவ கட்டறதுக்கு முன்னாடி எவ மேலயும் ஏறக்கூடாது." அப்படி அது உன் எஸ்எஸ்டியில் மட்டும் இருந்தது, வேறு எங்கும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "முந்தி முடிச்சிட்டேன்டி. கம்ப்யூட்டர்ல இருக்குது. அத்தை அட்டை அடிக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாய். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பங்குனியில் நீ போய்விட்டாய்.

அப்புறம் எல்லாம் ஓட்டமாக ஓடியது. தாய் போன வருஷத்துக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப்போகும் என்று உறவு மொத்தமும் சொல்ல, நல்ல இடமும் தானாக வந்தது. கார்த்திகையில் முகூர்த்தம். நெசவாளி ஏகாம்பரம் அண்ணன் உன்னிடம் எத்தனை வருஷமாக அட்டை வாங்கி நெய்தவர், அவர் தறியில்தான் புடவை ஏறியது. உடம்பு முடிந்து, முந்தானை நிறத்துக்குப் பாவு நூலை மாற்றிச் சேர்க்கிற பேட்னி வேலையும் முடிந்து, பூஜைக்குத் தறி நின்றது. விஜயதசமி கழிந்து அட்டை கொடுத்தால் முந்தானையில் கை வைத்துவிடுவார். அதுவரைக்கும் உன் கிளிப் படத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. மற்ற வேலைக்கெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவேன், உன் பெயர் போட்ட அந்த ஃபோல்டர் பக்கம் மட்டும் மௌஸின் அம்பு போகாது.

போன வருஷம், நீ இல்லாத முதல் ஆயுத பூஜை. உன் கருவிக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்காதே என்று நீ சொல்வாயே தவிர, ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாமி விஷயத்தில் உனக்கு எப்போதும் கொஞ்சம் அசட்டைதான், அந்தச் சோம்பேறித்தனம் என்றே எண்ணியிருந்தேன். பிளக்கைப் பிடுங்கி, ஒயரையெல்லாம் துடைத்துச் சுருட்டி, பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் சாமி முன்னால் வைத்து, பூ போட்டு, கற்பூரம் காட்டினேன்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து எடுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். முனகல் கேட்டது. வெகு நேரம் கழித்துத் திரையில் நித்யா வந்தாள், ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக.

காபியோடு வந்த பெரிய நித்யா அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, இது நான் எட்டாவது படிக்கறப்போ எடுத்தது. இது எப்டி வந்துது?"

மூலையில் ஏதோ ஒரு பழங்காலத்துத் தேதி காட்டியது. ஃபோல்டர்களில் எப்போதோ போட்ட டிசைன்கள். எஸ்எஸ்டி வாங்கிய பிறகு நீ போட்டது ஒன்றுகூட இல்லை. நீ செத்ததே பொய்யோ, இதோ குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவாயோ என்று ஒரு கணம் புத்தி பேதலித்துப் போனது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாபுவைக் கூப்பிட்டோம். பாவம், பூஜைக்குக் கடை கடையாகப் போக வேண்டிய அவசரத்திலும் வந்தான். பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டி அவுட்டு போலக்குதுக்கா. கழட்டிக் குடுங்க, சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். கேரண்டி கெடயாது" என்றான். உன் டிசைன் சென்னைக்கா? நான் தரவில்லை. அவன் போன பிறகு உன் அண்ணன் மெதுவாக, "போனது போவட்டும்மா. பழைய முந்தி டிசைன் எதுனா ஒண்ண வெச்சி முடிச்சிடலாம்" என்றார்.

"அப்ப தறியில இருக்கறத அறுத்துடச் சொல்லுங்க மாமா. அம்மா முந்தி இல்லன்னா எனக்கு அந்தப் புடவையே வேணாம்." கத்தவில்லை அவள். சாதாரணமாகச் சொன்னாள்.

உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சுவிட்சை அணைத்துப் போட்டு, டிலீட்டைத் தட்டினேன், தடதடவென்று. சாம்பல் திரை வந்தது. டிஸ்க்குகள் இருக்கும் பட்டியலில் பழையதன் பெயருக்குக் கீழே உன் எஸ்எஸ்டியின் பெயர் குத்துக்கல்லாட்டம் இருந்தது. பாபுவுக்குப் போன் போட்டேன்.

"பேரு காட்டுதாக்கா? அப்ப உசுரோடதான் இருக்குது. நான்தான் உள்ள போயி பாக்காம சொல்லிட்டேன். போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்திருக்கும். பிளக்கு இருக்கற வரைக்கும் யூபிஎஸ் கரண்ட்டுல ஞாபகம் வெச்சிக்கினு இருக்கும், புடுங்கினா எல்லா செட்டிங்கும் பழையபடி போயிடும். பிளக்க புடுங்கினீங்களா?"

பிடுங்கினேன் என்றேன். அவன் போனிலேயே சொல்லச் சொல்ல, லெகசியை யூஇஎஃப்ஐ ஆக்கினேன். எஸ்எஸ்டியை மேலே ஏற்றினேன். எஃப் பத்து. ஆமாம். திரை நீலமாகி, ஒரு அழுமூஞ்சிப் படம் வந்து, தானே அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி நீலம். மறுபடி அழுமூஞ்சி. பாபுவுக்கு லைன் கிடைக்கவில்லை. நித்யா எழுந்து வெளியே போய்விட்டாள்.

தலையில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, எதிர் வீட்டுத் தெலுங்கம்மா பால்காரனோடு சண்டை போடுவது காதில் விழுந்தது. அவள் தெலுங்கில் திட்ட, அவன் தமிழில் திட்ட. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. பாஷை! மறுபடி டிலீட், மறுபடி சாம்பல் திரை. டிஸ்க் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஐடிஇ என்று இருந்ததை ஏஎச்சிஐ என்று மாற்றினேன். எஃப் பத்து. கண்ணை மூடிக்கொண்டேன், திறப்பதற்குள் உன் பெயரோடு திரை வந்திருந்தது. அப்போது நான் அழுத அழுகையை நீ பார்த்திருந்தால் ஆயுசுக்கும் கேலி பண்ணியிருப்பாய்.

நித்யாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கை படத்தைத் திறந்துவிட்டது.

மயில்கள் இருந்தன. ஒவ்வொரு தோகைக் கண்ணும் அத்தனை நேர்த்தி. கொடி பாதி தூரம் வந்து இளைத்துப் போயிருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு கிளியின் சிறகு, கிளியில்லாமல். மௌஸைப் பிடிக்க முடியாத நாட்களில் போட்டிருப்பாய் போலிருக்கிறது, ஓரமெல்லாம் நடுங்கிக் கிடந்தது. அதற்கு மேலே வெறும் கட்டம். கடைசிவரைக்கும் வெறும் கட்டம்.

எனக்கு வந்தது கோபம். முடித்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, எப்படி மனசு வந்தது உனக்கு? அவளிடம் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கட்டிலுக்கு அந்தப் பக்கம் மரம் மாதிரி நின்றுகொண்டுதானே இருந்தேன்?

வெளியில் இருந்து நித்யா குரல் கொடுத்தாள். "அத்தை, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"கிளி இருக்குதா?"

"இருக்குதும்மா."

அவ்வளவுதான். டிசைனை வெளியில் காட்டினால் ராசி இல்லை, அம்மா சொன்ன மாதிரி புடவையாகவே பார் என்று சொல்லி அவளை அந்த அறைக்குள் விடவில்லை. மிச்சத்தை நானே போட உட்கார்ந்தேன். கட்டமும் கொடியும் எனக்குத் தெரியும், பறவை தெரியாது. முதலில் போட்டது காக்கை மாதிரி வந்தது, அடுத்தது கோழி. காய்கறிப் பையோடு கோயில் வாசலில் நின்று அண்ணாந்து கிளி பார்த்தேன். பூக்காரி, "இன்னாம்மா வேண்டுதலா?" என்று கேட்டாள். உன் நடுங்கிய சிறகை மட்டும் நான் திருத்தவில்லை. அதையே எடுத்து எல்லாக் கிளிக்கும் வைத்தேன். தலையும் கழுத்தும் என்னுடையது. அட்டை அடித்து ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுத்தபோது, "பாப்பா போட்டதுதானே?" என்று உன்னைச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

முகூர்த்தத்தன்று அவளுக்கு முந்தானை மடித்து ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்தக் கிளிங்களப் பாத்தீங்களா அத்தை? ஒண்ணுகூட முன்னாடி பாக்கல. எல்லாம் கழுத்தத் திருப்பி பின்னாடி பாக்குது. போறப்போ அம்மா என்னைத் திரும்பிப் பாத்துக்கினே போறாங்கன்னு வெச்சிருக்காங்க."

எனக்கு அலகுக்குக் கட்டம் பற்றவில்லை. நேராக வைத்தால் மூக்கு அடுத்த கிளியின் வாலில் போய் இடித்தது. அதனால் கழுத்தைத் திருப்பி வைத்தேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

"ஆமாம்மா" என்றேன். "உங்கம்மா எல்லாத்தையும் யோசிச்சித்தான் செய்வா."

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கம்ப்யூட்டரில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, உன்னுடையதும் நான் முடித்ததும். நேற்று நித்யா போன் பண்ணினாள். தலைதீபாவளிக்கு இங்கே வரும்போது அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொள்வாளாம். "அம்மா போட்டத கம்ப்யூட்டர்ல ஒருவாட்டி காட்டுங்க அத்தை. ஒவ்வொரு கட்டமா பெருசு பண்ணிப் பாக்கணும். அவங்க கை வெச்ச எடம் இல்ல?" என்றாள். இனிமேல் ராசி அது இது என்று சாக்குச் சொல்ல முடியாது. நான் முடித்ததைக் காட்டினால், அவள் கூர்மையானவள், மயிலைப் போட்ட கை வேறு, கிளியின் தலையைப் போட்ட கை வேறு என்று கண்டுபிடித்துவிடுவாள். உன்னுடையதைக் காட்டினால், உனக்கு முடியாமல் போனது அவளுக்குத் தெரிந்துவிடும். காலையில் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்க்கிறேன். உன்னுடையதை அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதற்கும் எனக்குக் கை வரவில்லை. அந்த ஒற்றைச் சிறகைப் போட நீ எத்தனை நாள் பட்டாயோ, அது ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா?

அவள் கேட்டால் உன்னுடையதைத்தான் திறந்து வைக்கப்போகிறேன், கொடியும் சிறகும் வெறும் கட்டமுமாக. பார்த்துவிட்டு அவள் என்ன கேட்பாளோ எனக்குத் தெரியாது. பொய் சொன்னவள் நீ, அதற்கு ஒரு பதிலையும் நீயே யோசித்து வை. காபி போடுகிற சாக்கில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.